பிரெஞ்சுக்காரர் நிலம் கேட்கவில்லையா?

புதுச்சேரியில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஒரு கருத்து ஏறக்குறைய ஒரே வடிவத்தில் வந்து விழும். கல்லூரிப் பேராசிரியர் சொல்வதும், கடற்கரைச் சாலையில் சுற்றுலாப் பயணிகளை அழைத்துச் செல்லும் இளைஞர் சொல்வதும், பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வாங்கும் முன்னாள் சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) சொல்வதும் அதுதான். இங்கிலீஷ்காரன் நாட்டைப் பிடிக்க வந்தான். பிரெஞ்சுக்காரன் வியாபாரத்துக்கு வந்தான். அவனுக்கு மண்ணாசை கிடையாது. கொஞ்சம் துணி, கொஞ்சம் மொழி, கொஞ்சம் கட்டடக்கலை என்று இருந்துவிட்டு, நேரம் வந்ததும் கண்ணியமாகக் கிளம்பிவிட்டான்.

இந்தக் கருத்தை ஒன்றும் தெரியாதவர்களின் பிதற்றல் என்று தள்ளிவிட முடியாது. அதற்குப் பின்னால் ஒரு வாதம் இருக்கிறது. அதை முழுமையாக வைத்துவிட்டே மறுக்க வேண்டும். வாதம் இது: 1742 முதல் 1754 வரை புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னராக இருந்த டூப்ளே நிலம் தேடிப் போகவில்லை. உள்ளூர் நவாபுகளும் இளவரசர்களும்தான் தங்கள் வாரிசுச் சண்டைக்கு உதவி கேட்டு அவரிடம் வந்தார்கள். உதவினார், நன்றிக்கடனாகக் கிராமங்களைக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். சென்னையில் இருந்த இங்கிலீஷ்காரர் தொல்லை கொடுத்ததால் தற்காப்புக்காகப் படை வைத்திருந்தார். எல்லை மீறிப் போகிறார் என்று தெரிந்ததும் பாரிஸில் இருந்த பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியே அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. முன்னே திட்டம் போட்டுச் சாம்ராஜ்யம் கட்டியவர் அல்லர், நிகழ்ச்சிகளின் போக்கில் இழுத்துச் செல்லப்பட்டவர் என்று அவருடைய வாழ்க்கையை விரிவாக எழுதிய அல்ஃப்ரெத் மார்த்தினோவும் கருதினார். மார்த்தினோ புதுச்சேரியில் கவர்னராக இருந்தவர். ஆவணங்களைத் தொகுத்துப் பதிப்பித்தவர். அவர் சொல்வதை எளிதாக ஒதுக்க முடியாது.

இருந்தும் இந்த வாதம் தவறு. ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றிப் பார்த்தால் அது தவறு என்பது தெரியும்.

1. அழைத்தார்கள் என்கிறார்களே, அழைத்தவர் யார்?

காரைக்காலிலிருந்து தொடங்குவோம். டூப்ளேவுக்கு முன் கவர்னராக இருந்தவர் பெனுவா துய்மா. தஞ்சாவூரில் மராத்திய அரச குடும்பத்தில் அரியணைச் சண்டை. சாகுஜி என்பவர் பிரெஞ்சு உதவி கேட்டார். விலையாகக் காரைக்காலைத் தருவதாக ஒப்புக்கொண்டார். அரியணை கைக்கு வந்ததும் தயங்கினார். அரசர் தயங்கினால் ஒப்பந்தம் முறிந்தது என்றுதானே பொருள்? பிரெஞ்சுக்காரர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. 1739இல் சந்தா சாகிப்பின் படை காரைக்காலைப் பிடித்து அவர்கள் கையில் கொடுத்தது. அதே ஆண்டு தஞ்சையில் ஆட்சி மாறியது. புதிய அரசர் பிரதாப் சிங், நடந்து முடிந்ததை ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லாமல், ஒப்புதல் கொடுத்தார். இதற்கு அழைப்பு என்று பெயரா?

இப்போது சந்தா சாகிப்புக்கு வருவோம். ராணி மீனாட்சிக்கு உதவுவதாகச் சொல்லித் திருச்சிக்குள் நுழைந்து மதுரை நாயக்கர் ஆட்சிக்கே முடிவு கட்டியவர் அவர். 1741இல் மராத்தியர் அவரைப் பிடித்துச் சத்தாராவில் சிறை வைத்தார்கள். அந்த ஆண்டுகள் முழுக்க அவர் மனைவியும் பிள்ளையும் புதுச்சேரியில், பிரெஞ்சுப் பாதுகாப்பில். 1748இல் அவர் விடுதலையாகி வந்தபோது ஆர்க்காட்டு நவாபாக இருந்தவர் அன்வருதீன் கான். சந்தா சாகிப்பிடம் பதவி இல்லை, நாடு இல்லை, இருந்தது உரிமைக் கோரிக்கை ஒன்றுதான். அதே சமயம் ஐதராபாத்தில் முதல் நிஜாம் இறந்துபோக, மகன் நாசிர் ஜங்குக்கும் பேரன் முசாபர் ஜங்குக்கும் சண்டை. டூப்ளே யாரைத் தேர்ந்தெடுத்தார்? இரண்டு இடத்திலும் பதவியில் இருந்தவரை விட்டு, பதவி கோரியவரைத் தேர்ந்தெடுத்தார். பதவியில் இருப்பவருக்கு அந்நியப் படை அத்தனை தேவைப்படாது. இல்லாதவருக்குத்தான் தேவை. தேவை எவ்வளவு அதிகமோ அவ்வளவு நிலம் எழுதிக் கொடுப்பார்.

1749 ஆகஸ்ட் 3ஆம் தேதி ஆம்பூரில் போர் நடந்தது. அன்வருதீன் கொல்லப்பட்டார். மூத்த மகன் மாபூஸ் கான் சிறைப்பட்டார். இளையவர் முகமது அலி திருச்சிக்கு ஓடினார். சில வாரங்களில் சந்தா சாகிப் நவாபாகப் புதுச்சேரிக்கு வந்து, ஊரைச் சுற்றியிருந்த சுமார் 80 கிராமங்களைப் பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்தார். வில்லியனூரும் பாகூரும் அப்படி வந்தவை. கொடுத்தவர் கையில் அந்த நிலம் எத்தனை நாள் இருந்தது? ஆம்பூருக்கு முந்தைய நாள்வரை அவருக்கு அதில் ஒரு காணிகூடச் சொந்தம் இல்லை. பங்காளிச் சண்டையில் ஒருவனுக்கு அடியாள் அனுப்பிவைத்து, மற்றவன் செத்த பிறகு ஜெயித்தவன் கையெழுத்தில் பாதி வீட்டை எழுதி வாங்கிக்கொள்பவரை ஊரில் நாம் என்ன சொல்வோமோ, அதைத்தான் இங்கேயும் சொல்ல வேண்டும்.

இந்த முறை டூப்ளே கண்டுபிடித்ததும் அல்ல. அதே ஆண்டுகளில், புதுச்சேரித் தமிழர் பிற்பாடு நன்றாக அறிந்துகொண்ட ஒரு தேசத்தில் இதே முறை நடந்துகொண்டிருந்தது. இன்றைய தெற்கு வியட்நாம், மீகாங் ஆற்றின் கழிமுகம், முன்பு கெமர் மக்களின் நாடு. சைகோனுக்குக் கெமர் மொழியில் ப்ரே நோகோர் என்று பெயர். வியட்நாமின் நுயென் வம்சத்துப் பெண்ணை மணந்த கெமர் அரசர் ஒருவர், 1620களில் அங்கே வியட்நாமியர் சுங்கச் சாவடி வைக்க இடம் கொடுத்தார். 1698இல் நுயென் பிரபுவின் தளபதி வந்து நிர்வாகத்தையே அமைத்துவிட்டார். 1738 முதல் 1765 வரை ஆண்ட நுயென் ஃபுக் கோட் காலத்தில், அதாவது டூப்ளே இங்கே இருந்த அதே காலத்தில், கெமர் அரச குடும்பத்தில் யார் யாரோ அரியணை கோரினார்கள். நுயென் படை ஒருவரை ஆதரிக்கும். அவர் ஜெயித்ததும் இரண்டு மாவட்டம் எழுதிக் கொடுப்பார். அடுத்தவர் வருவார், இன்னும் இரண்டு. 1757 முடிவதற்குள் கழிமுகம் முழுக்கக் கைமாறிவிட்டது. கம்போடியர்கள் இதைப் பரிசு என்று சொல்லிக்கொள்வதில்லை. இழந்த மண் என்றே இன்றும் சொல்கிறார்கள். அங்கே ஆக்கிரமிப்பு என்று எல்லாரும் ஒப்புக்கொள்வது வில்லியனூரில் மட்டும் எப்படி நன்கொடை ஆகும்?

2. மண்ணாசை இல்லை என்றால் கிருஷ்ணா நதி எதற்கு?

1750 செப்டம்பரில் டூப்ளேயின் தளபதி புஸ்ஸி செஞ்சிக் கோட்டையை ஒரே இரவில் பிடித்தார். மூன்று மலைகளைச் சேர்த்துக் கட்டிய, சிவாஜி வைத்திருந்த, ஔரங்கசீப்பின் படையை ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைத்த கோட்டை. வியாபாரக் கம்பெனிக்குச் செஞ்சியில் என்ன வேலை? அங்கே துறைமுகம் இல்லை. நெசவாளர்களிடம் துணி வாங்க மலைக்கோட்டை தேவையில்லை. ஆர்க்காட்டுச் சீமையின் வரி வசூலைக் கண்காணிக்கத்தான் அது தேவை.

அதே ஆண்டு டிசம்பரில் செஞ்சி அருகே நாசிர் ஜங் கொல்லப்பட்டார். சுட்டவர் அவருடைய முகாமிலேயே இருந்த நவாபுகளில் ஒருவர். அந்தச் சதிக்காரர்களோடு டூப்ளே ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். முசாபர் ஜங் புதுச்சேரிக்கு வந்தார். அரசவை கூட்டினார்கள். டூப்ளே முகலாயப் பிரபுவின் உடையில் அமர்ந்தார். கிருஷ்ணா நதிக்குத் தெற்கே கன்னியாகுமரி வரை அவருடைய மேலாண்மை என்று பட்டம் எழுதப்பட்டது. வழுதாவூர்க் கோட்டை அவருக்குச் சொந்த ஜாகீர். மசூலிப்பட்டினம் கம்பெனிக்கு. நாசிர் ஜங் விழுந்த இடத்தில் டூப்ளே பத்தேகாபாத், அதாவது டூப்ளேயின் வெற்றி நகரம் என்ற பெயரில் ஓர் ஊர் எழுப்பத் தொடங்கினார்கள். வெற்றி நகரம் கட்டும் வியாபாரியை நான் கேள்விப்பட்டதில்லை.

மார்த்தினோ சொல்வதுபோல் முன்கூட்டிய திட்டம் இல்லாமலே இருந்திருக்கலாம். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது எதை மாற்றுகிறது? நிலம் எப்படி நிலத்தை இழுத்தது என்ற இயக்கத்தைப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற சிப்பாய்ப் படை டூப்ளேயின் பெரிய பலம். அந்தப் படைக்கு மாதச் சம்பளம் வேண்டும். பாரிஸிலிருந்து பணம் வராது. ஆகவே எந்த நவாபுக்காகப் படை போகிறதோ, அவருடைய வரிநிலத்தைச் சம்பளத்துக்கு ஈடாக எழுதி வாங்க வேண்டும். வரி தானாக வராது, வசூலிக்கவும் படை வேண்டும். அதற்கு மேலும் வரிநிலம். 1753இல் புஸ்ஸி ஐதராபாத் நிஜாமிடம் தன் படைச் செலவுக்கென்று வாங்கிய எல்லூர், ராஜமுந்திரி, சிகாகோல், முஸ்தபாநகர் ஆகிய வட சர்க்கார்கள் முழுக்க இந்தக் கணக்கில் வந்தவை. இப்படி ஓடும் சக்கரத்துக்கு முன்திட்டமே தேவையில்லை. அதனால் மிதிபடும் குடியானவனுக்கு, திட்டமிட்டு மிதித்தார்களா, திட்டமிடாமல் மிதித்தார்களா என்பதில் என்ன வித்தியாசம்?

3. தற்காப்பு என்கிறார்கள். தேதிகளைப் பார்ப்போம்.

ஐரோப்பாவில் 1748இல் சமாதானம் கையெழுத்தாகிவிட்டது. 1746இல் பிடித்த சென்னையை இங்கிலீஷ்காரருக்கே திருப்பிக் கொடுப்பதென்று அதிலேயே முடிவாகிவிட்டது. ஆம்பூர் நடந்தது அடுத்த ஆண்டு. அங்கே எதிரில் நின்றது இங்கிலீஷ்காரர் அல்லர், ஆர்க்காட்டு நவாப். அவர் டூப்ளே மீது படையெடுத்து வந்தவரும் அல்லர்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆம்பூருக்குச் சில வாரங்கள் முன்பே, 1749இல், இங்கிலீஷ்காரர் தஞ்சை அரியணைக்கு உரிமை கோரிய ஒருவரை ஆதரிப்பதாகச் சொல்லி, கொள்ளிடக் கரையில் தேவிக்கோட்டையை எடுத்துக்கொண்டார்கள். எனவே அவர்கள்தான் முதலில் தொடங்கினார்கள் என்று டூப்ளேயின் அன்பர்கள் வாதிடலாம். ஆனால் காரைக்கால் அதற்குப் பத்தாண்டுகள் முந்தியது. அதே தஞ்சை, அதே அரியணைச் சண்டை, அதே மாதிரி துறைமுகம். யார் யாரிடம் கற்றார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

1746ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையைத் தாக்கும்போது அன்வருதீன் தலையிடாதிருக்க, பிடித்ததும் ஊரை உங்களிடமே ஒப்படைக்கிறேன் என்று டூப்ளே அவருக்கு வாக்குக் கொடுத்தார். பிடித்த பிறகு கொடுக்கவில்லை. ஏமாந்த நவாப் மகனைப் படையோடு அனுப்பினார். அடையாற்றங்கரையில் மாபூஸ் கானின் பெரிய குதிரைப்படையைப் பரதி தலைமையிலான சில நூறு பேர் சிதறடித்தார்கள். அந்த அடையாறு வெற்றியைப் பற்றி எழுதாத ராணுவ வரலாறு இல்லை. அந்தப் போர் ஏன் வந்தது என்பதைத்தான் பல நூல்கள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. தன் ஆட்சி எல்லைக்குள் இருந்த ஊரை, தனக்குக் கொடுத்த வாக்கின்படி கேட்டவர் அன்வருதீன். தற்காப்பு என்ற சொல்லுக்கு அன்று உரியவர் அவர் ஒருவரே.

4. பாரிஸ் அவரைத் திருப்பி அழைத்ததே?

அழைத்தது. 1754 ஆகஸ்டில் அவருக்குப் பதிலாகக் கோதெயு வந்து இறங்கினார். டூப்ளே அக்டோபரில் கப்பலேறினார். காரணம் என்ன? திருச்சி முற்றுகை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1752இல் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிப்பின் தலை தஞ்சைத் தளபதி மனோஜியின் ஆட்களால் வெட்டப்பட்டது. கம்பெனியின் பங்குதாரர்களுக்கு லாபம் வரவில்லை. தோற்கும் போருக்குப் பணம் போட விரும்பாதவரை, போரையே விரும்பாதவர் என்று எண்ணிக்கொள்வது நம் தவறு. ஜெயித்துக்கொண்டிருந்த புஸ்ஸியை அவர்கள் அப்போது திருப்பி அழைக்கவில்லை. வட சர்க்கார்களை விட்டுக் கொடுக்கவில்லை. மசூலிப்பட்டினம் 1759இல் இங்கிலீஷ்காரர் படையிடம் விழும் வரை வைத்திருந்தார்கள்.

பாரிஸே அனுப்பிய தளபதி லாலி 1758இல் வந்து சேர்ந்தார். வந்த சில மாதங்களில் அவர் தஞ்சையிடம் பழைய கடன் பத்திரம் ஒன்றைக் காட்டிப் பணம் கேட்டுப் படையோடு கிளம்பினார். நாகூரைச் சூறையாடினார்கள். கீழ்வேளூர்க் கோவிலில் புதையல் இருக்கிறதென்று தோண்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. உளவாளிகள் என்று சொல்லி அக்கோவில் பிராமணர் ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். கண்ணியமான விருந்தாளி என்று பேசுகிறவர்கள் கீழ்வேளூருக்கு ஒருமுறை போய்வரட்டும். காரைக்காலிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம்தான்.

5. மென்மையான ஆட்சியா? யார் மேல் மென்மை?

1748 செப்டம்பர். இங்கிலீஷ் கடற்படைத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நேரம். ஊருக்குள், சம்பா கோவில் என்ற தேவாலயத்தை ஒட்டியிருந்த வேதபுரீஸ்வரர் கோவிலை டூப்ளேயின் ஆட்கள் இடித்தார்கள். ஆனந்தரங்கம் பிள்ளை அதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவர் டூப்ளேயின் பகைவர் இல்லை. துபாஷ்; அந்த அரசாங்கத்தில் தமிழர் அடையக்கூடிய மிக உயர்ந்த இடத்தில் இருந்தவர்; கவர்னரைப் போற்றியவர். அவரே கலங்கி எழுதுகிறார். முற்றுகைக் கால ராணுவத் தேவை என்று இதற்கும் சமாதானம் சொல்வார்கள். அந்தக் கோவிலை அகற்ற வேண்டும் என்ற பாதிரிமார் கோரிக்கை முற்றுகைக்குப் பல ஆண்டுகள் முந்தியது. தேவை வந்தபோது வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

ஆட்களைப் பிடித்து அடிமைகளாக விற்று, மொரீஷியசுக்கும் ரெயூனியனுக்கும் கப்பல் ஏற்றியதும் இந்தத் துறைமுகம்தான். அதுவும் நாட்குறிப்பில் இருக்கிறது. 1736 முதல் 1761 வரை ஓடும் அந்தப் பக்கங்களைக் கொண்டுதான் எங்கள் ஊர்ப் பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்ற இரண்டு நாவல்களையும் எழுதினார். இரண்டாவதற்கு 1995இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. ஊரில் பிரபஞ்சனுக்கு விழா எடுக்கிறவர்களில் பலரும் மென்மையான ஆட்சி என்ற கதையை விடாமல் சொல்கிறார்கள். நாவல்களைப் படித்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

திருச்சி முற்றுகையின்போது ஸ்ரீரங்கமும் திருவானைக்காவும் பிரெஞ்சுப் படையின் கோட்டைகளாயின. காவிரிக் கரையில் மூன்று ஆண்டுகள் எந்தப் படை போனாலும் நெல் எரிந்தது அல்லது கொள்ளை போனது. அதில் இங்கிலீஷ், பிரெஞ்சு, மைசூர், மராத்தா என்று எல்லாருக்கும் பங்கு உண்டு. ஆனால் சந்தா சாகிப்பைத் தூக்கிப் பிடிக்கத் தொடங்கிய போரை அவர் இறந்த பிறகும் டூப்ளே விடாப்பிடியாக நடத்தியதால்தான் அது மூன்று ஆண்டுகள் நீண்டது.

இன்று கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களை அருகில் போய்ப் பாருங்கள். ஒரே கல்லில் செதுக்கியவை. அடிப்பகுதியில் விரல் வைத்துத் தடவினால் உப்புக்காற்று தின்றது போக மிஞ்சிய சிற்ப வேலைப்பாடு தட்டுப்படும். கடற்கரைக்காகச் செய்தவை அல்ல அவை. செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை. செஞ்சி வெங்கடரமணர் கோவிலுக்குப் போனால் தூண்கள் பெயர்க்கப்பட்ட வெற்றிடம் தெரியும். 1870இல் டூப்ளேவுக்கு வைத்த சிலையின் பீடத்திற்கும் செஞ்சிக் கல்லே போனது. தூண்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு, இவை போரில் பெயர்த்து வந்த கற்கள் என்று சொல்ல அங்கே ஒரு பலகை வைத்தால் என்ன குறைந்துவிடும்?

6. இங்கிலீஷ்காரனைவிட மேல் என்கிற கடைசிப் புகலிடம்.

எதிர்வாதம் எல்லாம் தீர்ந்த பிறகு இது வரும். இங்கிலீஷ்காரர் இந்தியா முழுவதையும் சுரண்டினார்கள், பிரெஞ்சுக்காரர் வைத்திருந்தது ஐந்து சிறு ஊர்கள்தானே என்பார்கள். உண்மை. ஆனால் சிறிதாக இருந்தது தோற்றதால் வந்தது. 1760இல் வந்தவாசி, 1761 ஜனவரியில் புதுச்சேரி. அந்த இரண்டு இடத்திலும் முடிவு வேறு மாதிரி இருந்திருந்தால் நாம் இன்று வேறு கணக்கு எழுதிக்கொண்டிருப்போம். அவர்கள் எங்கே தோற்கவில்லையோ அங்கே என்ன நடந்தது என்று பார்த்தால் போதும். 1859இல் சைகோனைப் பிடித்தார்கள். 1862இல் கிழக்கே மூன்று மாகாணம், 1867இல் மேற்கே மூன்று. கம்போடியா 1863இல் பாதுகாப்பு நாடு. பிறகு இந்தோசீனா முழுவதும்.

அதில் நம் ஆட்களும் இருந்தார்கள். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் போன தமிழர்கள் அங்கே காவலராக, வரி வசூலிப்பவராக, சிப்பாயாக வேலை பார்த்தார்கள். சைகோன் மாரியம்மன் கோவில் அவர்கள் காலத்தின் அடையாளம். நுயென் பிரபுக்கள் கெமர் அரசர்களிடமிருந்து பறித்த அதே கழிமுகத்தைப் பிரெஞ்சுக்காரர் நுயென் பேரரசரிடமிருந்து பறித்தார்கள். 1949இல் கம்போடியா எதிர்ப்புத் தெரிவித்தும் கேளாமல், அதை வியட்நாமுடன் சேர்த்துப் பாரிஸில் சட்டம் போட்டார்கள். இரண்டு முறை பறிபோன நிலம், மூன்றாம் முறை காகிதத்தில் கைமாறியது. அங்கே வாழ்ந்த கெமர் குடிகளை ஒருவரும் கேட்கவில்லை.

இங்கிலீஷ்காரரின் கொடுமையை அளவுகோலாக வைத்து டூப்ளேவை நல்லவராக்குவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அந்தக் கொடுமையின் கருவிகளைச் செய்து காட்டியவர் அவர். பயிற்சி பெற்ற சிப்பாய்ப் படை, பொம்மை நவாப், படைச் சம்பளத்துக்கு வரிநிலம் என்ற மூன்றையும் இங்கிலீஷ் கம்பெனியின் கிளைவும் அவருக்குப் பின் வந்தவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். டூப்ளே எதிர்த்த முகமது அலியை அவர்கள் நவாபாக்கினார்கள். கடனில் மூழ்கடித்தார்கள். 1801இல் ஆர்க்காட்டு நவாபின் கர்நாடகச் சீமையையே எழுதி வாங்கிக்கொண்டார்கள். தஞ்சாவூரை அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே முடித்துவிட்டார்கள்.

7. இதெல்லாம் பழைய கதை, இப்போது எதற்கு?

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் பேருந்தில் ஏறி ஜன்னல் பக்கம் உட்காருங்கள். வில்லியனூர், அரியூர் புதுச்சேரி. கண்டமங்கலம் தமிழ்நாடு. திருபுவனை, மதகடிப்பட்டு மறுபடியும் புதுச்சேரி. வளவனூர் மறுபடியும் தமிழ்நாடு. சாராயக்கடைப் பலகையைப் பார்த்தே எந்த அரசு என்று சொல்லிவிடலாம். ஒரே ஏரிப் பாசனம், ஒரே பேச்சு, சம்பந்தம் கலந்த ஒரே குடும்பங்கள். எல்லை மட்டும் ஊர் ஊராகக் கிழிந்து கிடக்கிறது. ஒரு கிராமத்துப் பிள்ளைக்கு ஒரு மாநிலத்து இடஒதுக்கீடு, அரை மைல் தள்ளி அடுத்த கிராமத்துப் பிள்ளைக்கு வேறு.

இந்தக் கிழிசலை யார் போட்டார்கள்? 1783இல் வெர்சேய் ஒப்பந்தத்தில் இங்கிலாந்தும் பிரான்சும் கையெழுத்திட்டன. அமெரிக்கச் சுதந்திரப் போர் முடிந்ததை ஒட்டி வந்த சமாதானம் அது. அதில் ஒரு பிரிவு: புதுச்சேரியைச் சுற்றி வில்லியனூர், பாகூர் ஆகிய இரண்டு மாவட்டங்களும், காரைக்காலைச் சுற்றி நான்கு மாகாணங்களும் பிரான்சுக்குச் சேர வகை செய்யப்படும். 1749இல் சந்தா சாகிப் கொடுத்த அதே வில்லியனூர், அதே பாகூர். நவாப் எழுதிக் கொடுத்த காகிதம் போரில் செல்லாமல் போய், முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து ஐரோப்பாவில் இரண்டு அரசர்களின் கையெழுத்தில் மீண்டும் உயிர் பெற்றது. பாகூர் ஏரிக்குக் கீழே உழுதவர்களுக்கு இந்தச் செய்தி எப்போது, யார் மூலம் போய்ச் சேர்ந்திருக்கும்?

நிலம் கேட்காதவர்கள் என்ற கதையை ஏற்றுக்கொண்டால் இன்னொன்றையும் ஏற்க வேண்டிவரும். 1936 ஜூலை 30ஆம் தேதி சங்கம் வைக்கும் உரிமையும் குறைந்த வேலை நேரமும் கேட்ட ஆலைத் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் இதே ஊரில் பிரெஞ்சுக் காவல் படையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையாவும் தோழர்களும் போராடினார்கள். 1954 அக்டோபர் 18இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவுடன் இணைய 170, எதிராக 8. பிரான்ஸ் படையெடுத்துப் பிடித்த மண் இது என்பதை மறுத்தால், அந்தப் பன்னிரண்டு பேரும் 170 பேரும் விருந்தாளியை விரட்டிய நன்றிகெட்டவர்கள் ஆகிவிடுவார்கள். நான் அவர்கள் பக்கம். நேரு வீதி ஒரு காலத்தில் டூப்ளே வீதியாக இருந்தது. பெயர் மாறியது சரி. வெள்ளைக்காரத் தெருக்களில் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்பவர்களின் வாயிலும் பள்ளிப் பாடப்புத்தகத்திலும் கதை இன்னும் மாறவில்லை. ஆம்பூர், செஞ்சி, கீழ்வேளூர் என்ற மூன்று பெயர்களை அங்கே சேர்க்கட்டும். கட்டடங்களின் மஞ்சள் வண்ணத்தைப் பற்றிப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.